ஆசிரியர் பணியிடங்கள் குறித்து நண்பனுக்கு ஒரு கடிதம்

திருவண்ணாமலை

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உன் மகள் கணிதத்தில் பி.எட். முடித்துவிட்ட செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வெழுதிக் காத்திருக்கலாமா, கிடைக்கிற தனியார் பள்ளியில் சேர்ந்துவிடலாமா என்று அவள் கேட்பதாக எழுதியிருந்தாய். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது. தலைமையாசிரியை கேட்டுக்கொண்டதால் வாரத்தில் சில நாள் காலையில் நான் போய்ப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து வருகிறேன். முன்பு இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நல்ல ஆசிரியர். மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்தில் இடம் கிடைத்ததும் போய்விட்டார். வயதான பெற்றோரை அங்கே வைத்துக்கொண்டு இங்கே வாடகை வீட்டில் இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் போன பிறகு அறிவியல் ஆசிரியைதான் தம் பாடவேளைகளோடு கணக்கையும் சுமந்திருக்கிறார். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தச் சொன்னால், நடு உறுப்பைப் பிரிக்கும் இடத்தில் பிள்ளைகள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால், எந்த இரண்டைக் கூட்டினால் என்று தேடும்போது குறை எண் வந்துவிட்டால் கை நடுங்குகிறது. அறிவில் குறைந்த பிள்ளைகள் அல்லர். ஒன்பதாம் வகுப்பில் அவர்களுக்குக் கணக்கு எடுக்க நிலையான ஆசிரியர் இல்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் பற்றாக்குறை என்றால் படித்த ஆள் கிடைக்கவில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். நம் மாநிலத்தின் நிலைமை அதுவன்று. 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்குக்குக்கூட வரவில்லை. தகுதித் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குத் தெரியாதவர் கணக்கு ஆசிரியராகக் கூடாது. ஆனால் தேறியவர்களை அரசு நடத்திய விதம்தான் என்னை வருத்துகிறது. 2013இல் தேறியவர்களுக்கு 2014இல் மாற்றியமைத்த வெயிட்டேஜ் முறை வந்து, தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தது. மதிப்பெண்ணை அள்ளி வழங்காத காலத்தில் படித்த மூத்தவர்கள் அதில் பின்தங்கினார்கள். பிறகு 2018இல் அரசாணை 149 வந்து, தகுதித் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. தகுதித் தேர்வை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடத்த வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் நெறிமுறை இருந்தும், இங்கே 2013க்குப் பின் 2017, 2019, 2022, 2025 என்று விட்டுவிட்டுத்தான் நடந்தது. இருபத்தைந்து வயதில் தேறியவர் நாற்பதை நெருங்கும்வரை பணி ஆணையை எதிர்பார்த்திருந்தால், அவருக்குள் இருந்த ஆசிரியர் எவ்வளவு மிஞ்சியிருப்பார்?

இத்தனைக்கும், எந்தப் பள்ளியில் எந்தப் பணியிடம் எப்போது காலியாகும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஒவ்வொருவரின் பிறந்த தேதியும் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 2020இல் ஐம்பத்தொன்பதாகவும் 2021இல் அறுபதாகவும் ஓய்வு வயதை உயர்த்தியபோது, ஓய்வுகள் தள்ளிப்போன அந்த இடைவெளியில் அடுத்த அலைக்கான ஆட்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். தொடக்க வகுப்புகளுக்கு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. வழக்கும் நீதிமன்றத் தடையும் வந்தன. 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்களின் கதையும் உனக்குத் தெரியும். ஓவியமும் தையலும் உடற்கல்வியும் கற்பித்த அவர்களின் தொகுப்பூதியம் 12,500 ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அத்தனை ஆண்டுகளும் மே மாதத்துக்கு அந்தச் சம்பளமும் கிடைக்கவில்லை. கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

வேலையில் இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்வதிலும் இதே அலட்சியம்தான். 2009 ஜூன் முதல் தேதியிலிருந்து சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என்றும், அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவருக்கு 8,370 என்றும் அப்போது நிர்ணயித்தார்கள். ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல், இரண்டு சம்பளம். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்! 2025 செப்டம்பர் முதல் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், தவறினால் பணியிலிருந்து விலக வேண்டும் என்கிறது. தேர்வே இல்லாத காலத்தில் முறையாக நியமனம் பெற்று இருபதாண்டு பாடம் நடத்தியவருக்கும் இதுதான் விதி. தமிழக அரசு மறுசீராய்வு மனு போட்டது சரியான செயல்.

என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் ஜனவரியில் அறிவிப்பு, ஏப்ரலுக்குள் தேர்வு, ஜூன் பள்ளி திறப்பதற்குள் பணி ஆணை என்று ஒரு கால அட்டவணையைச் சட்டமாகவே ஆக்க வேண்டும். வட மாவட்டங்களிலும் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களிலும் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் குடியிருப்பு கட்டித்தர வேண்டும். மலைப்பகுதியில் வேலை பார்ப்பதற்காகத் தரும் மலைப்படியை மட்டும் நம்பி யாரும் பிள்ளை குட்டியோடு மலையில் தங்கமாட்டார்கள். தண்ணீர் வரும் வீடும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போக ஒரு மருத்துவரும் இருந்தால் தங்குவார்கள். இந்த மாவட்டங்களின் பிள்ளைகளையே பி.எட். படிக்கவைத்து இங்கேயே நியமித்தால், கலந்தாய்வுக்குக் கலந்தாய்வு பள்ளி காலியாகும் நிலையும் குறையும்.

உன் மகள் இரண்டையும் செய்யட்டும். தனியார் பள்ளியில் சேர்ந்து பாடம் நடத்திக்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கட்டும், ஆனால் வேறெதுவும் செய்யாமல் தேர்வை மட்டும் நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். வட மாவட்டத்தில் இடம் கிடைத்தால் தயங்காமல் வரச் சொல். வீடு பார்த்துத் தருவது என் பொறுப்பு.

உன் திருநெல்வேலிப் பக்கம் பணி நிரவலில் உபரி ஆசிரியர்களை எங்கே அனுப்புகிறார்கள், அங்கே எந்தெந்தப் பாடத்தில் ஆட்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. எங்கள் ஆசிரியர் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு மனு தயாரிக்கிறோம். உன் கடிதம் வந்த பிறகுதான் அதை முடிக்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்