பேய்ப் படத்துக்கும் சிரிப்புப் படத்துக்கும் ஒரே மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சனிக்கிழமை சினிமாப் பக்கத்தில் எல்லாப் படத்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறீர்கள். துப்பறியும் படத்துக்கு மூன்று, பேய்ப் படத்துக்கு மூன்று, குடும்பக் கதைக்கும் மூன்று. மாதத்தில் ஒரு படம், மிஞ்சினால் இரண்டு பார்க்கும் என்னைப் போன்ற சாதாரண ரசிகனுக்கு இந்த மூன்றுகளிலிருந்து தெரிய வருவது ஒன்றுமில்லை. ஒரு படம் நம்மிடம் என்ன தருவதாகச் சொல்லி டிக்கெட் விற்றது, அதைத் தந்ததா என்று பார்ப்பதுதான் நியாயமான விமர்சனம். வகைக்கு வகை அந்தக் கணக்கு மாறும். தங்கள் விமர்சகர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

துப்பறியும் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தகவலை எப்போது நமக்குச் சொல்கிறார்கள் என்பது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ இன்றைக்கும் பாடமாக நிற்கிறது. 1943-இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களை ஒட்டிய கதை. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடித்து சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று சந்தேகத்துக்கு உரியவர்கள் எல்லோரும் நம் கண்முன் வந்துவிடுகிறார்கள். பாட்டு ஒன்றுகூட இல்லை, சண்டை இல்லை. கொலையாளி கடைசி ரீலில் புதிதாக முளைத்து வருவதில்லை. படத்தைத் திரும்பப் பார்த்தால் எந்தெந்த இடத்தில் நம்மை ஏமாற்றாமலே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று புரியும். ‘இடைவேளைக்கு முன் குற்றவாளியின் முகத்தை ஒரு தடவையாவது காட்டினார்களா, அவனை நாம் சந்தேகிக்க ஒரு வாய்ப்பு இருந்ததா’ என்பதை ஒவ்வொரு துப்பறியும் படத்துக்கும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் திருப்பத்தைப் பாராட்டத் தேவையில்லை. அது ஒளித்துவைத்ததை எடுத்துக் காட்டும் வேலை மட்டுமே.

இரண்டாவது, கடிகாரம். பரபரப்புப் படத்தில் ஏதோ ஒன்று நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். ‘கைதி’ (2019) இதைச் சரியாகச் செய்தது. ஒரே இரவு. ஒரு பக்கம் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டம். இன்னொரு பக்கம் ஒற்றைக் காவலரும் சில மாணவர்களும் உள்ளே இருக்க, கமிஷனர் அலுவலகத்தைச் சுற்றி ரவுடிக் கூட்டம். இரண்டு இடத்திலும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நடுவில் கதாநாயகி, டூயட் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் ஐந்து நிமிடம் கடிகாரம் நின்றிருக்கும், பயம் போயிருக்கும். ‘துருவங்கள் பதினாறு’ (2016) ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கதையை முடித்துவிடுகிறது. ஒரு வசனத்தைத் தவறவிட்டால் பின்னால் முடிச்சு அவிழும்போது விழிக்க நேரிடும். இப்படிப்பட்ட படத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போகக் கூடாது என்பதை விமர்சனத்திலேயே எழுதலாமே! வாசகனுக்கு அது மதிப்பெண்ணைவிடப் பயன்படும்.

அதற்காகப் பாட்டு வந்தாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ‘புதிய பறவை’யில் (1964) ‘எங்கே நிம்மதி’ வரும் இடத்தைப் பாருங்கள். கதாநாயகனின் மனச்சாட்சி அவனைத் துரத்துவதைத்தான் அந்தப் பாட்டு முழுக்கக் காட்டுகிறது. அதை வெட்டினால் கதையில் ஒரு படி காணாமல் போகும். எந்தப் பாட்டை வெட்டினாலும் கதை குறைவில்லாமல் ஓடுகிறதோ அது பரபரப்புப் படத்தில் இருக்கக் கூடாத பாட்டு. இந்தச் சோதனை எளிது; பார்ப்பவர் எவரும் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, மிகவும் வருந்திச் சொல்கிறேன். விமர்சனத்தின் மூன்றாவது பத்தியில் ‘இரண்டாம் பாதியில் வரும் அந்த நண்பர் பாத்திரம் அதிர்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயரைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்தில் இருப்பது ஒரே நண்பர்! முடிச்சை நம்பி நிற்கும் படங்களுக்கு இடைவேளைக்குப் பின் நடப்பது எதையும் எழுதுவதில்லை என்று தாங்கள் ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுபது ஆண்டு ஆன ‘அந்த நாள்’ படத்தின் கொலையாளியைக்கூட நான் மேலே சொல்லவில்லை.

பேய்ப் படத்துக்கு வருகிறேன். இங்கேதான் விமர்சனம் மிகவும் பலவீனமாக இருக்கிறது. ‘பயமுறுத்துகிறது’ அல்லது ‘பயமுறுத்தவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். பயம் இரண்டு வகையில் வரும். ஒன்று திடுக்கிடல்: சில நொடி அமைதி, பிறகு திடீரென்று ஒரு பெரும் சத்தம். அதற்குக் கதையே தேவையில்லை. யார் காதருகில் தட்டைக் கீழே போட்டாலும் உடம்பு தூக்கிப்போடும். மற்றது உள்ளுக்குள் ஊறும் பயம். விக்ரம் குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’ (2009) படத்தில் புதுவீட்டுக்குக் குடிபோன மனிதனுக்கு மட்டும் லிப்ட் வேலை செய்யாது. பால் திரிந்துபோகும். மதியம் ஒரு மணிக்கு டிவியில் ஓடும் தொடரில் அவன் வீட்டுக் கதையே நடக்கும். லிப்டும் பாலும் டிவித் தொடரும் நம் வீட்டிலும் உண்டு. படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பயம் தொடர்வது அதனால்தான். திடுக்கிடலை மட்டும் நம்பிய படமா, ஊறும் பயமும் உண்டா என்று ஒரு வரி எழுதினால் போதும், நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

ஆனால் பேய்ப் படத்தின் பாதி திரையரங்கின் கையில் இருக்கிறது. இதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவதே இல்லை. படத்துக்கு ஒலி சேர்ப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட அளவை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். திரையரங்கில் உள்ள டால்பி கருவியின் ஒலிக் குமிழ் 0 முதல் 10 வரை போகும். 7 என்பது நிர்ணயித்த இடம். அதில் வைத்துச் சோதனை ஒலியை ஓட்டினால், திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 85 டெசிபல் வர வேண்டும். 4-க்கு மேல் ஓர் எண் குறைத்தால் ஏறத்தாழ 3.3 டெசிபல் குறையும். விளம்பரங்களும் டிரெய்லர்களும் காதைப் பிளப்பதால் ரசிகர்கள் சத்தம் போடுகிறார்கள். ஆபரேட்டர் 5-க்கு இறக்குகிறார். பிறகு படம் தொடங்கும்; குமிழ் 5-லேயே நிற்கும். கிட்டத்தட்ட 7 டெசிபல் போய்விட்டது. மெல்லப் பேசும் வசனம் ஏ.சி. இரைச்சலுக்குள் முங்கிவிடும். அரங்குகள் குறைத்துத்தான் ஓட்டும் என்று தெரிந்தவர்கள் ஒலிக்கலவையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவைக்கிறார்கள். முணுமுணுப்பும் பெரிது, அலறலும் பெரிது என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? திடுக்கிடல் என்பதே அந்த வித்தியாசம்தான். 2024-இல் ‘கங்குவா’ வெளியானபோது இரைச்சல் பற்றிய புகார் பெரிதாகி, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளர் தரப்பே சொன்னது. பேய்ப் படம் அல்ல அது. ஆனால் நோய் ஒன்றுதான். எந்த அரங்கில், எப்படிப்பட்ட ஒலியில் பார்த்தோம் என்று விமர்சகர் ஒரு வரி எழுதினால், குறை படத்திலா அரங்கிலா என்று நமக்குத் தெரியும்.

வெளிச்சமும் அப்படியே. டிஜிட்டல் திரையிடலுக்கு வெள்ளைக் காட்சி 48 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) பிரகாசம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. புரொஜெக்டரில் உள்ள செனான் விளக்கு பழசாகப் பழசாக மங்கும். முப்பரிமாணப் படத்துக்காக லென்ஸுக்கு முன்னால் மாட்டிய வடிகட்டியை எடுக்க மறந்து சாதாரணப் படத்தை ஓட்டினால் பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். பகல் காட்சிகளில் அவ்வளவாகத் தெரியாது. இருட்டு அறையில் ஒருவர் விளக்கோடு நடக்கும் காட்சியில் திரை முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். வெள்ளைச் சட்டை அழுக்காகத் தெரிந்தாலும், இரவுக் காட்சியில் முகமும் பின்னணியும் ஒன்றாகக் கலந்தாலும் இடைவேளை வரை காத்திருக்காமல் வெளியே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. வடிகட்டியை நகர்த்துவது சிறிய வேலை. விளக்கு மாற்றுவது அப்படியல்ல. அடுத்த காட்சிக்குத்தான் முடியும். முப்பரிமாணத்துக்காக வெள்ளி பூசிய திரை போட்ட அரங்கில் ஓரத்து இருக்கைகளுக்கு இன்னும் மங்கலாகத் தெரியும். பேய்ப் படத்துக்கும் துப்பறியும் படத்துக்கும் நடு வரிசையில், பின்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உட்காருவது உத்தமம்.

நகைச்சுவைப் படத்துக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அதற்குக் கூட்டம் வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பேயும் இல்லை, பெரிய செட்டும் இல்லை. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் முகம் மாறுகிறது. ஸ்ரீதர் கேமராவை அவசரப்பட்டு வெட்டாமல் இருவருக்கும் நேரம் கொடுத்தார். இதற்கு நேர்மாறு ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). கிரேஸி மோகனின் வசனம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். முதல் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது போய்விடும். நிறைந்த அரங்கில் ஒரு தடவை, பிறகு வீட்டில் ஒரு தடவை என்று பார்க்க வேண்டிய படம். விமர்சகர் கவனிக்க வேண்டியது, சிரிப்பு கதையிலிருந்து வருகிறதா, கதைக்குப் பக்கத்தில் தனியாக ஓடுகிறதா என்பது. நல்ல துண்டுக் காட்சிகள் நாலு இருப்பதால் அது நல்ல நகைச்சுவைப் படம் ஆகிவிடாது. காதலன் காதலி கதையைத் தொடாமல் அந்த நாலையும் எடுத்துவிட முடியுமென்றால், அவற்றை டிவியில் தனியாகவே பார்த்துக்கொள்ளலாம்.

அறிவியல் கற்பனைக்கு ஒன்று சொன்னால் போதும். விதியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதை மீறாமல் இருக்க வேண்டும். ‘இன்று நேற்று நாளை’ (2015) சிறிய படம்தான். காலயந்திரம் கிடைத்தவர்கள் அதை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் காசு பார்க்கிறார்கள். அப்படிப் போன இடத்தில் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். அதிலிருந்து எல்லாச் சிக்கலும் ஒழுங்காகப் பின்தொடர்கிறது. ‘மாநாடு’ (2021) ஒரே நாளைத் திரும்பத் திரும்பக் காட்டியும் சலிக்கவில்லை. நமக்குத் தெரிந்த பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் சுருக்கிக்கொண்டே போனதுதான் காரணம். கிராபிக்ஸ் எத்தனை கோடி என்று எழுதுவதைவிட இதை எழுதலாம்.

குடும்பக் கதைகளுக்கு நடக்கும் அநியாயம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ‘மெதுவாகப் போகிறது’ என்று எழுதிவிட்டால் முடிந்தது. ‘உதிரிப்பூக்கள்’ (1979) மெதுவாகத்தான் போகும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்த கதை. மகேந்திரன் வசனத்தைக் குறைத்து, முகங்களுக்கும் ஆற்றங்கரைக்கும் நேரம் கொடுத்தார். அந்த நேரம் இல்லாமல் கடைசிக் காட்சி அப்படி நெஞ்சில் இறங்காது. பரபரப்புப் படத்தின் கடிகாரத்தை இதற்கு மாட்டக் கூடாது. 2024-இல் ‘மெய்யழகன்’ நீளம் என்று பேச்சு எழுந்ததும், வெளியான சில நாளில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். இரண்டு உறவினர்கள் ஓர் இரவு பேசிக்கொண்டிருப்பதுதான் படமே. பேச்சைக் குறைத்தால் எதைப் பார்க்கப் போவது? அதே ஆண்டில் ‘இந்தியன் 2’ படமும் வெளியான பிறகு 12 நிமிடம் குறைந்தது. அது வேறு வகை. அங்கே வெட்டு பொருந்தலாம். முதல் நாள் பார்த்து எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு இரண்டாம் வாரம் போகிறவர் பார்ப்பது வேறு படம் என்பதுதான் இதில் விஷயம்.

தணிக்கைச் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். யு/ஏ என்று மொட்டையாக அச்சிடுகிறீர்கள். 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, அது யு/ஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் உள்ள தூரம் பெற்றவர்களுக்குத் தெரியும். யு/ஏ என்பது பெற்றோருக்கான அறிவுரை; டிக்கெட் கிழிப்பவர் தடுக்க மாட்டார். ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு நிரம்பாதவரைப் பெற்றோர் கூட வந்தாலும் விடக் கூடாது. இது தெரியாமல் டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் வாக்குவாதம் செய்யும் குடும்பங்கள் உண்டு.

ஆகவே மதிப்பெண் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் படத்தின் வகை, ஓடும் நேரம், சான்றிதழின் வயது எண், விமர்சகர் பார்த்த அரங்கில் ஒலி ஒளி எப்படி இருந்தது என்ற ஒரு வரி, இவ்வளவுதான் கேட்கிறேன். அடுத்த சனிக்கிழமை, முந்தைய வாரப் படம் எதுவாவது வெட்டப்பட்டிருந்தால் ‘இப்போது ஓடுவது இத்தனை நிமிடம், எங்கள் விமர்சனம் முந்தைய வடிவத்துக்கு’ என்று அதே பக்கத்தின் மூலையில் ஒரு குறிப்புப் போடுங்கள். இரண்டு அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.