முட்டை வெயில்ல காயுது, யாராச்சும் கவனிங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். கத்திரி வெயில் வந்தாச்சு, எங்க பக்கம் மளிகைக் கடை வாசல்ல முட்டை ட்ரேயை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்லயே வெச்சிருக்காங்க, கரூர், திருச்சி, வேலூர்லாம் 40 டிகிரி தாண்டுற நேரத்துல அந்த முட்டை என்னத்துக்கு ஆகும்?

முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு. சூடு ஏற ஏற உள்ள இருக்கிற ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் அது வழியா வெளிய போய்டும், வெள்ளைக்கரு தண்ணியா ஆகிடும், மஞ்சக்கருவைச் சுத்தி இருக்கிற சவ்வும் தளர்ந்துடும், உடைச்சு ஊத்துனா கல்லு முழுக்க பரவி ஓடுறது இதனாலதான். உள்ள வாந்தி பேதி உண்டாக்குற சால்மோனெல்லா கிருமி இருந்துச்சுன்னா இந்தச் சூட்டுல மளமளன்னு பெருகும், அதுதான் பயமே. நாட்டுக்கோழி முட்டைக்கு இன்னும் கவனம் வேணும், சேவலோட மேயுற கோழி போடுறதால அதுல கரு இருக்கும், வெயில் சூட்டுலயே அரைகுறையா வளர ஆரம்பிச்சு செத்துப் போய் கூமுட்டை ஆகிடும். பண்ணை முட்டைல அந்தப் பிரச்சினை இல்ல, ஆனா கெட்டுப் போறது அதுவும் கெட்டுத்தான் போகும்.

வீட்டுக்கு வாங்கிட்டு வந்ததும் நிறைய பேர் கழுவி வெக்கிறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். ஓட்டு மேல இயற்கையாவே ஒரு மெல்லிசான பூச்சு இருக்கு, அது போச்சுன்னா அழுக்குத் தண்ணியே துளை வழியா உள்ள இறங்கும். அமெரிக்கால கழுவித்தான் விக்கிறாங்க, ஆனா அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் குளிர்லயே வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல அப்படியா நடக்குது? சமைக்கிறதுக்கு முன்னாடி கழுவுனா போதும். ஃப்ரிட்ஜ் கதவுல முட்டைக்குன்னு குழி இருந்தாலும் அடிக்கடி திறக்குறதால அங்க சூடு ஏறி இறங்கும், ஒரு டப்பால போட்டு உள் தட்டுல கூர் முனை கீழ இருக்கிற மாதிரி வைங்க. வெளிய எடுத்து வியர்த்த முட்டையைத் திரும்ப உள்ள வெக்காதீங்க.

ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் வாங்குறது நல்லது. பானைக்குள்ள பானை வெச்சு நடுவுல ஈர மணல் போடுறது காஞ்ச காத்து அடிக்கிற ஊர்ல நல்லா குளிரும், சென்னை மாதிரி புழுக்கத்துல பெருசா பிரயோஜனம் இல்ல. எண்ணெய் தடவுனா ஈரம் போறது குறையும், ஆனா உள்ள ஏற்கனவே இருக்கிற கிருமி சாகாது. தண்ணில மிதக்குதான்னு பாக்குறதும் பழசா புதுசான்னு மட்டும்தான் சொல்லும், மூழ்குற முட்டைலயும் கிருமி இருக்கலாம். அதனால வெயில் காலத்துல குழந்தைங்களுக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும் ஆஃப் பாயில் குடுக்கவே குடுக்காதீங்க, மஞ்சக்கரு கெட்டியாகுற வரைக்கும் வேகட்டும்.

இவ்ளோ பாத்துப் பாத்து வெச்சாலும் அது எத்தனை நாள் முட்டைன்னே நமக்குத் தெரியாதுங்க. நாமக்கல் பண்ணைக் கொள்முதல் விலையை தினமும் பேப்பர்ல பாக்குறோம், ஆனா முட்டை போட்ட தேதி எந்தக் கடை ட்ரேலயும் நான் பாத்ததில்ல. சத்துணவு முட்டைல சீல் குத்த முடியுதுன்னா ட்ரேல ஒரு தேதி அடிக்க முடியாதா? உணவுப் பாதுகாப்புத் துறை இதைக் கட்டாயமாக்கணும், அதுவரைக்கும் கடைக்காரங்க ட்ரேயை கொஞ்சம் நிழலுக்குள்ள தள்ளி வெச்சா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கரூர்