மடங்காத கால் வேண்டவே வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் மூட்டு மாற்று அறுவை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எத்தனையாவது நாளில் நடக்கலாம் என்பதை விரிவாகச் சொன்னது. மாற்றிய மூட்டில் சீழ் பிடித்தால் என்ன செய்வது என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது.

சீழ் பிடித்தால் பொதுவாக மூட்டைக் கழற்றி, எலும்பைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் ஸ்பேசரை (தற்காலிகமாக இடத்தை நிரப்பும் கட்டை) இடையில் வைப்பார்கள். ஏறக்குறைய 6 வாரம் மருந்து. கிருமி அடங்கினால் புது மூட்டு. அதுவும் தோற்றாலோ, முழங்காலை நீட்டும் தசைநார் சரிசெய்ய முடியாதபடி அறுந்துபோனாலோ, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒரே எலும்பாகச் சேர வைப்பது ஒரு வழி; பிறகு முழங்கால் மடங்காது. தொடையோடு காலை எடுப்பது இன்னொன்று. "மடக்க முடியாத காலை வெச்சுட்டு என்னங்க பண்றது?" என்று முதலாவதைத் தட்டிக்கழித்து, நான்காவது, ஐந்தாவது மூட்டு வரை போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எலும்பு தேய்ந்து, முனை வெறும் கூடாகிவிடுகிறது. இரண்டு முனையும் நன்றாகத் தொட்டுக்கொள்ளாவிட்டால் எலும்பு ஒன்றுசேராது. பாரம் தாங்காமல் உள்ளே வைத்த ராடு ஒடியும். இரண்டாவது மூட்டு தோற்கும்போதே எலும்பைச் சேர்க்கும் இந்த அறுவையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

தொடையிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை எலும்புக்குள் செலுத்தும் நீண்ட ராடு வைத்தால் சீக்கிரம் கால் ஊன்றலாம். ஆனால் கிருமி மிச்சமிருந்தால் எலும்பு நெடுகப் பரவும். அந்தச் சந்தேகம் இருந்தால் எலும்பைக் கம்பிகளால் பிடித்துக் காலுக்கு வெளியே மாட்டும் இலிசரோவ் வளையம்தான். மாதக்கணக்கில் சுமக்க வேண்டும், கம்பி நுழையும் துளைகளைத் தினமும் துடைக்க வேண்டும். பீடி, சிகரெட்டை விடாதவருக்கு எந்த முறையிலும் எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.

தையல் கசிந்ததும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. மூட்டு நீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுக்குமுன் 2 வாரமாவது ஆன்டிபயாடிக் இல்லாமல் இருப்பது நல்லது. இல்லையென்றால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும்.

மடங்காத காலோடு வாழ்வது எப்படி என்று பார்க்க, மடங்காத வகை ஸ்பேசர் இருக்கும் வாரங்களே ஒத்திகை. சென்னிமலைக் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியாது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நின்று வேலை பார்க்க வாய்ப்புண்டு. வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். எதிர்ச் சுவர் வரை கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள். பஸ்ஸில் வலக்கால் என்றால் இடப்பக்க வரிசையில் நடைபாதையை ஒட்டிய சீட், இடக்கால் என்றால் எதிர்வரிசை. மற்ற முழங்காலும் மடங்காதவருக்கும், அதே பக்க இடுப்பு மூட்டு கெட்டவருக்கும் இந்த அறுவை பெரும்பாலும் ஒத்துவராது.

கால் சில சென்டிமீட்டர் குட்டையாகும். செருப்பின் அடியில் எம்.சி.ஆர். ரப்பர் ஒட்டி உயர்த்தும்போது 1 சென்டிமீட்டராவது குறைவாகவே வைக்கச் சொல்லுங்கள். முழுசாகச் சமன் செய்தால் மடங்காத கால் அடியெடுக்கையில் தரையில் இடறும்.

ஓர் இயன்முறை மருத்துவர்,
பெருந்துறை