மச்சான், நீ கேட்ட நோட்டீஸ் விஷயமா

மச்சான்,

உன்ட மெசேஜ் கண்டு கொஞ்ச நாளாகுது, வொட்ஸ்அப்பில ஒத்த வரியில பதில் போட்டா நீ கோவிப்பாய், அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். இஞ்ச மட்டக்களப்பில எல்லாரும் சுகம். கச்சான் காத்து தொடங்கிட்டு, வளவு முழுக்க சருகு, கூட்டக் கூட்ட கொட்டுது. அம்மாக்கு முழங்கால் நோவு குறைஞ்சபாடில்ல, ஆனா உன்னைப் பத்தி கேக்க மறக்க மாட்டா.

சரி விஷயத்துக்கு வாறன். உங்கட வெள்ளவத்தை பில்டிங்ல புதுசா வாடகைக்கு வந்த பொடியனுகளால பெரிய கரைச்சல் எண்டு எழுதியிருந்தாய். ஒரு ஃபிளட்டுக்குள்ள ஆறேழு பேர், நடுச்சாமத்திலயும் சாப்பாடு கொண்டாற பைக், லிஃப்ட்டுக்குள்ள சிகரட் நாத்தம், கொரிடோர் முழுக்க செருப்பு, மேல் மாடிக்கு தண்ணி ஏறுதில்ல. அதால கமிட்டி கூடி, இனி வாடகைக்கு வாற எல்லாரும் ஐசி, அதான் அடையாள அட்டைக் கொப்பி, ஊர் கிராம சேவகர்ட கடிதம், கொழும்பில நிக்கிறதுக்கு என்ன காரணம் எண்டு ஒரு கடதாசி, எல்லாம் தரவேணும் எண்டு முடிவெடுத்து, அதைத் தமிழில வடிவா எழுதித் தா எண்டு என்னட்ட கேட்டிருக்காய்.

சிகரட், சத்தம், செருப்பு, அதெல்லாம் எழுதித் தாறன். மனுசன் நித்திரை கொள்ளத்தானே வேணும், அதில நான் உன்ட பக்கம். ஆனா அந்தக் கடைசி வரி, "கொழும்பில நிக்கிறதுக்குக் காரணம்", அதை நான் எழுத மாட்டன் மச்சான். நீ அதை எப்படி ஒத்துக்கொண்டாய் எண்டுதான் எனக்கு விளங்கல்ல.

2007 ஜூன் 7 விடியக்காலம் உனக்கு மறந்து போச்சா? கொழும்பில லொட்ஜ் லொட்ஜா பொலிஸ் ஏறி, மூட்டை கட்ட நேரம் குடுக்காம 370க்கு மேல தமிழ்ச் சனத்தை பஸ்ஸுகளில ஏத்தி வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு அனுப்பினானுகள். அதில வெளிநாடு போக விசாவுக்கு நிண்டவனும் இருந்தான், வருத்தக்காரரும் இருந்தாங்க, வேலை தேடி வந்த புள்ளைகளும் இருந்தாங்க. அரசாங்கம் சொன்ன கதை என்ன? சரியான காரணம் இல்லாம கொழும்பில நிக்கிறாங்களாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் எண்ட அமைப்பு கோட்டுக்குப் போய் அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டிட்டு, மறுகா பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிழை நடந்திட்டு எண்டு வருத்தம் தெரிவிச்சவர். அண்டைக்கு நீ லொட்ஜில இல்லாம அறை எடுத்து இருந்தாய், வீட்டுக்கார அம்மா பொலிஸ் பதிவுத் துண்டை கதவுக்குப் பின்னால ஒட்டி வச்சிருந்தவ, அந்தத் துண்டுதான் உன்னைக் காப்பாத்தினது. அதே கேள்வியை இப்ப நீ லெட்டர்ஹெட் அடிச்சுக் கேக்கப்போறியா?

பொலிஸ் கேட்டது வேற, நாங்க கேக்கிறது செக்யூரிட்டிக்கு எண்டு நீ சொல்லுவாய், தெரியும். ஐசி கொப்பி கேள், அது நியாயம். காரணம் கேக்கிறதுதான் உதைக்குது. கொழும்பில நிக்கிறதுக்கு ஒருத்தன் உனக்கு ஏன் காரணம் சொல்லோணும்?

இன்னொண்டு. தண்ணி ஏறாததுக்கு பொடியனுகளா காரணம்? நான் முதல் முதல் உன்ட ஒழுங்கைக்கு வந்தநேரம் மாமரமும் முத்தமும் உள்ள வீடுகள்தானே இருந்த. இப்ப ஒரு வீடு நிண்ட நிலத்தில முப்பது ஃபிளட், கானும் குழாயும் அந்தக்காலத்து கானும் குழாயும்தான். கட்டினவன் வித்துப்போட்டுப் போயிட்டான், பிளானுக்கு சைன் வச்சவனை ஒருத்தரும் தேடல்ல, ரெண்டு ரூம் ஃபிளட்டை ஏழு பேருக்கு தலைக்கு இவ்வளவெண்டு வாடகைக்கு விட்ட ஓனர் லண்டனில இருந்து மாசாமாசம் சல்லி எடுக்கிறான், ஏச்சு வாங்கிறது மட்டும் கடைசியா ஏணியில ஏறி வந்த பொடியன். கமிட்டிக்கு உண்மையாவே துணிவிருந்தா அந்த ஓனருக்கு கடிதம் போடு, ஒரு ஃபிளட்டில இத்தினை பேருக்கு மேல இருக்கேலா எண்டு. அதைத் தமிழிலயும் எழுதித் தாறன், இங்கிலீசிலயும் எழுதித் தாறன்.

உன்ட ஏரியாவுக்கு இது புதுசும் இல்லகா. இப்ப ஹெவ்லொக் சிட்டி எண்டு மாடி மாடியா நிக்குதே, அது முந்தி வெள்ளவத்தை நெசவாலை. அங்க வேலை செஞ்ச கனபேர் இந்தியாவில இருந்து வந்தவங்க, மலையாளிகளும் அதில இருந்தாங்க. 1930களில ஏ.ஈ. குணசிங்க, தொழிலாளர் தலைவரெண்டு பேர் எடுத்த மனுசன், மலையாளிகளை வெளியேத்தோணும் எண்டு இயக்கமே நடத்தினவர். சம்பளத்தைக் குறைச்ச முதலாளியை விட்டுட்டு பக்கத்து மெஷின்காரனோட சண்டை. வெள்ளவத்தையில தமிழன் வந்து குவியிறான் எண்டு மற்றவன் முணுமுணுத்ததும் உனக்குத் தெரியாத கதையில்ல, நீயே எனக்குச் சொன்னது.

இஞ்ச மட்டும் என்ன, நாங்க புனிதரா? மண்முனைப் பாலம் 2014இல திறந்த பிறகு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைச் சனம், வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நிக்கத் தேவையில்லாம நினைச்ச நேரம் ரவுனுக்கு வருது, பிள்ளைகளை டியூஷனுக்கு விடுது, ஏலுமானவன் வாடகைக்கு வீடு எடுக்கிறான். அதுக்கு எங்கட ஒழுங்கையில ஒரு பெரியவர் "படுவான்கரையான் எல்லாம் வந்து ஏறிட்டானுகள்" எண்டு படலையில நிண்டு கதைக்கிறார், காலமைக்கு அவர் சாப்பிடுற தயிர் எங்க இருந்து வருதெண்டு அவருக்கு ஞாபகம் வராது. இன்னொரு பக்கம் வெளிநாட்டில இருக்கிறவனுகள் கல்லடிப் பக்கம் காணி வாங்கி மதில் கட்டி கேமரா பூட்டிட்டுப் போறானுகள். அங்க ஒரு பேர்ச் காணிட விலை கேட்டா இஞ்ச இருக்கிற ரீச்சருக்கும் கிளாக்குக்கும் தலை சுத்தும். எனக்கு எரிச்சல் வாறதெண்டா அதுக்குத்தான் வருது, உண்மையைச் சொல்லுறன். ஆனா அவனுகளைப் பத்தி அந்தப் பெரியவர் வாய் திறக்க மாட்டார். காசுள்ளவன் வந்தா "அபிவிருத்தி", இல்லாதவன் வந்தா "வந்தேறி".

உன்ட அப்பாவையும் யோசிச்சன். யாழ்ப்பாணத்தில இருந்து கச்சேரியில, அதான் அரசாங்கக் கந்தோரில, வேலைக்கு வந்தநேரம், "மட்டக்களப்புக்குப் போறாய், பாயோட ஒட்ட வச்சிடுவாங்கள், கவனம்" எண்டு, திரும்பி வர விடாம மயக்கிப் போடுவாங்க எண்ட கருத்தில, அவர்ட ஆக்கள் சொல்லித்தானே அனுப்பினது. மனுசன் ஒட்டித்தான் போனார், கோட்டமுனையில கலியாணம் கட்டி, காணி வாங்கி, திருவிழாக் கமிட்டியில தலைவராயும் இருந்து. முதல் கொஞ்ச வருஷம் அவரையும் எங்கட ஆக்கள் "யாழ்ப்பாணத்தார்" எண்டுதான் சொன்னது, சாமானுக்குப் பேரம் பேசினாலும் அதுக்கொரு நக்கல். அவர் அதைச் சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்குச் சொல்லுவார் எண்டாலும் உள்ளுக்க நோகாம இருந்திருக்காது.

நோட்டீஸ் அனுப்புறன். சத்தம், சிகரட், குப்பை, லிஃப்ட், இந்த நாலும் இருக்கும், ராவு பத்துக்குப் பிறகு அமைதி எண்டு போட்டிருக்கன், "பழைய குடியிருப்பாளர், புதிய குடியிருப்பாளர்" எண்டு பிரிக்காம "இங்கு வசிப்போர்" எண்டு எழுதியிருக்கன். உனக்கு விருப்பமில்லாட்டி வேற ஆளைப் பிடி, கோவிக்க மாட்டன்.

மறுகா ஒரு உதவி. தங்கச்சிட மூத்தவளுக்கு பம்பலப்பிட்டியில ஒரு ஒஃபிஸில வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் வாறாள், கூட ரெண்டு புள்ளைகளும் சேர்ந்து ஒரு ஃபிளட் பாக்கிறாளுகள். உங்கட பில்டிங்ல ஏதும் இருக்கா? அட்வான்ஸ் ஆறு மாசமா ஒரு வருஷமா கேக்கிறானுகள், கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு.

அன்போட
உன்ட பழைய வாங்குக்காரன்