தோணிக்குள் குட்டி போட்ட பூனைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பான கல்லடி அயலவர்களுக்கு,

மார்கழி மழைக்கு வாவித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம், கரையில் கவிழ்த்து வைத்த தோணிக்குள் கட்டாக்காலிப் பூனையொன்று நான்கு குட்டிகளோடு கிடந்தது. இப்போது ஐந்தும் சுகம். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் தோணிக்கார மாமா. "குட்டியோட கிடக்கு, கிடக்கட்டும்" என்று தன் தோணியைத் தொடாமல், அடுத்தவர் தோணியில் தொழிலுக்குப் போனார். தாயையும் குட்டிகளையும் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர, காத்தான்குடி நானா கம்பி வலையில் பொறிக்கூடு அடித்துத் தந்தார், காசு வாங்கவில்லை. குட்டிகளைச் சின்னக் கூடொன்றில் போட்டு அதற்குப் பின்னால் வைத்தோம். அவை கத்த, தாய் உள்ளே போனது. கதவு விழுந்ததும் பாய்ந்த பாய்ச்சலில் கூடே புரண்டது. பழைய சாறத்தால் மூடியதும் அடங்கிவிட்டது. அந்த உபாயம் மிருக வைத்தியர் சொன்னது.

பசுப்பால் கொடுத்தால் குட்டிகளுக்கு வயிற்றால் போகும், தாய்க்கு நல்ல சாப்பாடு கொடுங்கள் என்றதும் அவர்தான். குட்டி தும்முகிறதே, பனடோல் கொடுக்கலாமா என்று யாரோ கேட்க, பூனைக்கு அது நஞ்சு என்று சத்தம் போட்டார். நல்லவேளை, கேட்டார்கள். மீன்காரம்மாவுக்கு வைத்தியர் தேவைப்படவில்லை. "பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறாதான்" என்று துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார்.

பார்க்க வராதவர்களுக்குத்தான் பெரிய நன்றி. ஆள் நடமாட்டம் கூடினால் தாய் மிரளும், ஒழுங்காகப் பால் கொடுக்காது என்றதும், ஒழுங்கைச் சின்னதுகள்கூட மதிலுக்கு அப்பால் நின்றே "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கண் திறந்து குட்டிகள் நடக்கத் தொடங்கிய பிறகு, ரியூசன் முடிந்து வரும் இரண்டு தங்கச்சிமாரைக் கூப்பிட்டோம். அந்த வயதில் மனிதக் கை பழகாவிட்டால் பிறகு பழக்குவது பெரும்பாடு. சீறிக்கொண்டிருந்தவை மடியில் ஏறிப் படுத்ததெல்லாம் அவர்களால்தான்.

பால் கொடுக்கும்போதே பூனை அடுத்த வயிற்றுக்குத் தயாராகிவிடுமாம். அதனால் குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்தோம். ஓட்டோ அண்ணா, மூத்திர வாடைக்கு முகம் சுளிக்காததற்கு நன்றி! தாய்ப்பூனை திரும்ப வாவிக்கரைக்கே போய்விட்டது. இடக்காது நுனி வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டு பதற வேண்டாம், ஒப்பரேசன் முடிந்த அடையாளம் அது.

ஏறாவூருக்கும் அரசடிக்கும் குட்டிகளைக் கொண்டுபோனவர்களே, படம் அனுப்புங்கள். கறுப்புக் குட்டியைக் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். குறை நினைக்காதீர்கள், அது எங்கள் வீட்டிலேயே நிற்கிறது.