கெபிப் பாதைச் சுரூபங்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! பங்கு மக்களுக்கும், வெளியூர்களிலும் வளைகுடாவிலும் இருந்து காணிக்கை அனுப்பிய உறவுகளுக்கும் திருப்பணிக் குழு எழுதுவது. கெபிக்கு (குகை வடிவச் சிற்றாலயத்துக்கு)ப் போகும் பாதையில் உள்ள துயர மறையுண்மைகளின், அதாவது செபமாலையில் தியானிக்கும் ஆண்டவரின் பாடுகளின், ஐந்து சுதைச் சுரூபங்களும் சீர்செய்து முடிந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். சாரத்தைப் பிரித்ததிலிருந்து எல்லாரும் கேட்கும் கேள்வி வேறு: சுரூபத்தில் இருந்த இரத்தம் எங்கே போச்சு?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறோம். திருவிழாவுக்குத் திருவிழா யாராவது நேர்ச்சையாக எனாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சுண்ணாம்புச் சுதை ஈரத்தை வாங்கி வெளியே விட வேண்டியது. எனாமல் மேலே பிளாஸ்டிக் உறை மாதிரி மூடிக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கி, கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, காரை பொருமிப் பெயர்ந்துவிடும். நான்காவது சுரூபமான சிலுவை சுமப்பதில் பிற்பாடு சிமெண்டில் ஒட்டிய சிலுவைக் கை, உள்ளே கம்பி துருப்பிடித்து வெடித்தே போயிருந்தது. அதை எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பிலேயே திரும்பச் செய்திருக்கிறோம்.

அப்புறம் இரண்டாவது சுரூபம், கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. எனாமலை மூங்கில் சீவலால் மெல்லச் சுரண்ட, உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. கயிற்றின் புரி ஒவ்வொன்றும் தெரிகிறது; கட்டின் இறுக்கத்தில் புறங்கை புடைத்திருப்பதை, நகக்கண் வரைக்கும், பெயர் தெரியாத அந்தப் பழைய கொத்தனார் செய்து வைத்திருக்கிறார். சிவப்பு என்று அவர் இட்டது தோளில் நாலைந்து கோடுதான். மற்றதெல்லாம் நாம் ஊற்றியது.

இரத்தம் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் டொமினிக்கன் சபையாரின் புனித பவுல் ஆலயத்துக்கு 1617 வாக்கில், மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று அப்போதிருந்த பதினைந்து மறையுண்மைகளையும் ஓவியமாக வரைந்தபோது, சாட்டையடியை ரூபன்ஸ்தான் வரைந்தார். சிலுவை சுமப்பது வான் டைக், சிலுவை மரணம் யோர்டான்ஸ். ரூபன்ஸின் படத்தில் ஆண்டவரின் முதுகு கிழிந்து வழிகிறது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1607இல், நேப்பிள்ஸ் டொமினிக்கன் ஆலயத்துக்குக் கரவாஜியோ வரைந்த அதே காட்சியில் இரத்தம் கண்ணில் படுவதே அரிது. ஒரு சேவகன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் கீழே உட்கார்ந்து நிதானமாகச் சாட்டைக்கு விளாறு கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நிதானம்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு மறையுண்மைக்குப் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற வரைக்கும் கண் ஓரிடத்தில் நிற்க வேண்டும். வழிகிற சிவப்பைப் பார்த்ததும் கண் அடுத்ததற்குப் போய்விடுகிறது, கட்டப்பட்ட கையிலோ நின்றுவிடுகிறது. அதனால்தான் குழு கையை வைத்துக்கொண்டது.

ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் செபிக்கும் முதல் சுரூபத்தில் மட்டும் நெற்றியில் சிவப்பு அப்படியே இருக்கிறது. இரத்தத் துளிகளைப் போன்ற வியர்வையைச் சொல்வது லூக்கா ஒருவர்தான் (22:44), அந்த வசனத்தை வைத்துத் தியானிக்கும் இடத்தில் அதை அழிக்க முடியாது.

தூண் குட்டையாக இருக்கிறது, உயர்த்திக் கட்டுங்கள் என்று சிலர் சொன்னார்கள். ரோமில் சாந்தா பிராசெதே ஆலயத்தில், 1223இல் கர்தினால் ஜியோவான்னி கொலோன்னா கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கற்றூண் இருக்கிறது. அதன் உயரமே இரண்டடி சொச்சம்தான். அதைப் பார்த்துக் குட்டைத் தூண் வரைந்த ஓவியர்கள் நிறையப் பேர். நம் கொத்தனார் அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். எனவே தூணைத் தொடவில்லை.

ஒளியின் மறையுண்மைகளுக்கும் சுரூபம் கேட்டிருக்கிறீர்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் செபமாலையில் புதிதாகச் சேர்த்தவை அவை. பழைய சுவரில் இடம் கிடையாது. பங்குப் பேரவையில் பேசுவோம்.

செவ்வாய், வெள்ளி மாலைச் செபமாலை இனி வழக்கம்போல இந்தப் பாதையிலேயே நடக்கும். மெழுகுவர்த்தியைச் சுரூபத்தின் காலடியில் ஏற்ற வேண்டாம், கரி ஏறுகிறது, எதிரே தனி மேடை கட்டியிருக்கிறோம். நேர்ச்சைக்குப் பெயிண்ட் வாங்கி வைத்திருப்பவர்கள் டப்பாவைத் திறக்கும் முன் குழுவில் யாரையாவது கேட்டுவிடுங்கள். கெபியின் இரும்புக் கேட்டுக்கு அது தாராளமாக ஆகும்.