சித்திரை பிறக்கும்வரை குளத்தில் இயந்திரம் இறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத் துறை, வனத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்து பேச்சிப்பாறை அணை அடைபட்டதும் தேரூர், சுசீந்திரம் பக்கத்துக் குளங்களில் தூர்வாரும் பேச்சு எழும். தண்ணீர் இறங்கினால்தான் வேலை நடக்கும், அதில் மறுப்பில்லை. ஆறு வாரம் தள்ளி வையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-இல் ஏறிய நீர்நிலை இந்தச் சுசீந்திரம்–தேரூர் குளங்கள்.

மாசியும் பங்குனியும் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் மாதங்கள். கிளம்புமுன் உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கவிழ்ந்து மேய முழங்கால் தண்ணீர் போதும். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களுக்கு அதுவும் அதிகம். நாலு விரற்கடைத் தண்ணீரும் இளஞ்சேறும் வேண்டும். புழுவும் நத்தையும் அந்த வற்றும் விளிம்பில்தான். கருவால் மூக்கனின் சாம்பல் கழுத்தில் செங்கல் நிறம் ஏறுவதை இந்த நாட்களில் பைனாகுலரில் பார்க்கலாம். நிறம் ஏறிய பறவை இரை தேடிக்கொண்டிருக்கும்போதுதான் ஹிட்டாச்சி இறங்குகிறது.

இறங்கினால் இன்னொரு கேடும் உண்டு. கரையோரச் சரிவைச் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசியில் கரையை ஒட்டியே ஆளாழம்; உள்ளானுக்குக் கால் வைக்க இடமில்லை, அல்லிக் கிழங்கும் மண்ணோடு போயிருக்கும். ஒரு பக்கமாவது ஒரு அடி ஆழத்துக்குப் பத்தடி நீளம் என்ற சரிவு இருக்கட்டும். அள்ளும் மண்ணின் கனமீட்டர் கணக்கு குறையும்தான். மதிப்பீட்டிலேயே சரிவைச் சேர்த்துவிட்டால் ஒப்பந்ததாரரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆகாயத்தாமரையைப் பூக்குமுன் எடுக்க வேண்டும். விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். (குளம் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊதாப் பூவைத்தான் ஆசையாகப் படம் பிடிக்கிறார்கள்!) இதைப் பரிசலில் போய்க் கையால் அரிக்கலாம், சித்திரைவரை காத்திருக்கத் தேவையில்லை. கரையில் குவித்தால் முதல் கோடை மழையில் குளத்துக்கே திரும்பும். ஒரு கணு போதும், மறுபடி தழைக்க. அன்றன்றே வண்டியில் ஏற்றி, தண்ணீர் ஓடிவராத இடத்தில் காயவையுங்கள்.

கரையில் களைக்கொல்லி அடிப்பதை அடியோடு விடுங்கள். அங்கே இருப்பது பொடுதலையும் நீர்முள்ளியும். பொடுதலைப் பூவைக் குனிந்து பாருங்கள்: நடுவில் கருஞ்சிவப்பு, சுற்றிலும் அரிசி நொய்யளவு வெள்ளைப் பூக்களின் வளையம். வேரால் கரைமண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். நடைபாதைக்கு மூன்றடி அகலம் அரிவாளால் அறுத்தால் போதும்.

சித்திரை ஒன்றிலிருந்து, வழக்கமாக ஜூன் 1-இல் அணை திறக்கும்வரை ஆறு வாரத்துக்கு மேல் கையிலிருக்கிறது. தாமரை இலையில் முட்டையிடும் இலைக்கோழி மழைக்காலத்தில்தான் கூடு வைக்கும். அதற்குள் இயந்திரம் வெளியேறிவிட வேண்டும். எல்லாக் குளங்களையும் ஒரே ஆண்டில் தொடவும் வேண்டாம். இந்த ஆண்டு தேரூர் என்றால் சுசீந்திரம் அடுத்த ஆண்டு.

இப்படிக்கு,
குமரி மாவட்டப் பறவை நோக்கர்கள் சிலர்